நாய்ப் பந்தயம் காப்பாற்றிய கால்பந்து அரங்கம்: பழைய வெம்பிளியின் வரலாறு

லண்டன் மாநகரின் வடமேற்குப் பகுதியில் இருக்கிறது வெம்பிளி. இன்று அந்தப் பக்கம் போனால் வெகு தொலைவிலேயே ஒரு வெள்ளை எஃகு வளைவு தெரியும். அது 2007இல் திறந்த புதிய அரங்கம். அதே மண்ணில் அதற்கு முன், 1923 முதல் 2000 வரை, 77 ஆண்டுகள் ஆட்டம் கண்ட பழைய அரங்கம் ஒன்று இருந்தது. வாசலில் இரட்டைக் கோபுரம், உள்ளே புல்தரை, அதைச் சுற்றி முட்டை வடிவத்தில் கான்கிரீட் படிகள். 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது அங்கேதான். பழைய கால்பந்துப் படங்களில் அந்தக் கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள்.

அந்த அரங்கம் ஏன் கட்டப்பட்டது, எப்படிப் பிழைத்தது, ஏன் இடிக்கப்பட்டது என்ற மூன்று கேள்விக்கும் விடை அதன் முட்டை வடிவத்திலேயே இருக்கிறது. அந்த வடிவம்தான் அதை வாழவைத்தது. கடைசியில் அதன் ஆயுளை முடித்ததும் அதே வடிவம்தான்.

தேசிய மைதானம் என்றால் என்ன?

அரசு கட்டும், அரசு நடத்தும், நாட்டு அணி தன் ஆட்டங்களை அங்கே ஆடும். தேசிய மைதானம் என்றதும் நம் மனதில் வருவது இதுதான். பழைய வெம்பிளி இதில் எதற்கும் சரியாகப் பொருந்தாது. கட்டியது ஒரு கண்காட்சிக்காக. 1927 முதல் 1999 வரை அது தனியார் சொத்து. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கமான எஃப்.ஏ. அங்கே வெறும் வாடகைதாரர். நாட்டு அணியும் அங்கே அடிக்கடி ஆடவில்லை. 1924இல் ஸ்காட்லாந்துடன் 1-1 என்று சமனில் முடிந்த ஆட்டம்தான் முதல் ஆட்டம். அதற்குப் பின் 1951 வரை வெம்பிளியில் நடந்த இங்கிலாந்தின் அதிகாரபூர்வ ஆட்டங்கள் எல்லாமே ஸ்காட்லாந்துடன் மட்டும்தான். பிரிட்டனுக்கு வெளியே இருந்து முதலில் வந்த அணி அர்ஜென்டினா. நாள் 1951 மே 9. மற்ற அணிகள் வந்தபோதெல்லாம் கிளப்புகளின் மைதானங்களில்தான் இங்கிலாந்து ஆடியது.

அப்படியானால் 'தேசிய' என்ற பெயர் எப்படி ஒட்டியது? இங்கிலாந்துக் கிளப்புகள் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டியால். ஆண்டுதோறும் வசந்த காலத்தில் ஒரு சனிக்கிழமை, நாட்டின் எந்த மூலையில் இருக்கும் கிளப்பின் ரசிகரும் வாழ்நாளில் ஒரு முறையாவது அங்கே போக ஆசைப்பட்டார். வானொலியும் பிறகு தொலைக்காட்சியும் அந்த நாளை வீடுகளுக்குள் கொண்டுவந்தன. சட்டம் போட்டு யாரும் அறிவிக்கவில்லை. பழக்கத்தால் வந்த பெயர் அது. தேசிய மைதானங்களின் வரலாற்றைப் படிக்க வரும் எவரும் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: சொத்து யாருடையது என்பது வேறு, மக்கள் அதை யாருடையதாக நினைக்கிறார்கள் என்பது வேறு.

அடியில் புதைந்த கோபுரம்

2002இல் பழைய அரங்கத்தை இடித்துத் தரையைத் தோண்டியபோது பழைய கான்கிரீட் அடித்தளங்கள் தட்டுப்பட்டன. அவை அரங்கத்துக்கும் மூத்தவை. மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் தலைவராக இருந்த எட்வர்ட் வாட்கின், பாரிஸின் ஈஃபிள் கோபுரத்தைவிட உயரமான ஒன்றை வெம்பிளியில் எழுப்ப நினைத்தார். கோபுரம் பார்க்க வரும் கூட்டம் தன் ரயிலில் ஏறும் என்பது கணக்கு. முதல் தட்டு ஏறக்குறைய 47 மீட்டர் உயரத்தில் 1896இல் திறந்தது. அதோடு நின்றுவிட்டது. அடித்தளம் சரிய, பணமும் வற்றியது. 1907இல் மிச்சத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

கோபுரம் போனது, ரயில் நிலையம் நிலைத்தது. ஒரே நாளில் லட்சம் பேரைக் கொண்டுவந்து இறக்கக்கூடிய இடம் என்பதால்தான் பிரிட்டிஷ் பேரரசுக் கண்காட்சிக்கு வெம்பிளியைத் தேர்ந்தெடுத்தார்கள். 1924, 1925 ஆகிய இரண்டு ஆண்டுகள் நடந்த அந்தக் கண்காட்சியில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் தனித்தனி மண்டபங்கள் இருந்தன. அதன் நடுநாயகமாகக் கட்டியதுதான் 'எம்பயர் ஸ்டேடியம்'. பழைய வெம்பிளியின் முதல் பெயர் அது.

கட்டிடக் கலைஞர்கள் ஜான் சிம்ப்சனும் மேக்ஸ்வெல் ஏர்ட்டனும். பொறியாளர் ஓவன் வில்லியம்ஸ். கட்டியது ராபர்ட் மெக்ஆல்பைன் நிறுவனம். 25,000 டன் கான்கிரீட், எஃகு, அதை இணைக்க ஐந்து லட்சம் ரிவெட் ஆணிகள். செலவு 7,50,000 பவுண்டு. வேலை 300 நாளில் முடிந்தது. முதல் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்புதான் கடைசி வேலை முடிந்தது.

இரட்டைக் கோபுரம் ஒவ்வொன்றும் 126 அடி, அதாவது ஏறக்குறைய 38 மீட்டர். வெள்ளையடித்த கல் கட்டிடம் போலத் தெரியும். உண்மையில் அது எஃகுக் கம்பி வைத்து வார்த்த கான்கிரீட். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைக் கம்பி தாங்கிக்கொள்ளும். நம் வீட்டுத் தளத்தில் நடப்பதும் இதேதான். இதை நினைவில் வையுங்கள். 80 ஆண்டு கழித்து அந்தக் கோபுரங்களை ஏன் காப்பாற்ற முடியவில்லை என்பதற்கு இங்கேதான் காரணம் இருக்கிறது.

ஏன் முட்டை வடிவம்?

கால்பந்துத் தரை செவ்வகம். வெம்பிளியில் அதன் நீளம் 115 கெஜம், அகலம் 75 கெஜம். மீட்டரில் சொன்னால் சுமார் 105க்கு 68. கால்பந்துக்கு மட்டும் ஒரு அரங்கம் கட்டினால் படிகள் நான்கு பக்கமும் அந்தச் செவ்வகத்தை ஒட்டியே எழும். கோல்கம்பத்துக்குப் பின்னால் சில மீட்டரிலேயே முதல் வரிசை வந்துவிடும்.

கண்காட்சி அரங்கத்துக்கு அது போதாது. அணிவகுப்பு, ஓட்டப்பந்தயம், ராணுவக் காட்சி எல்லாம் நடக்க வேண்டும். அதனால் தரையைச் சுற்றி ஓடுதளம் வைக்க இடம் விட்டார்கள். ஓடுதளத்தில் வளைவு கூர்மையாக இருக்கக் கூடாது, ஓடுகிறவர் வேகம் போய்விடும். எனவே இரு முனைகளும் அரைவட்டமாக விரிந்தன. அந்த அரைவட்டத்துக்கும் கோல்கம்பத்துக்கும் நடுவே பெரிய வெற்றிடம். கோலுக்குப் பின்னால் நிற்கும் ரசிகருக்கு எதிர்முனைக் கோல் ஒரு புள்ளி மாதிரி. வீரர்களும் கோலுக்குப் பின்னால் இருந்த சுரங்கவழியிலிருந்து வெளியே வந்து அந்தத் தூரத்தை நடந்தே கடக்க வேண்டும். தொலைக்காட்சியில் அந்த நடை கம்பீரமாகத் தெரிந்தது. படியில் நின்றவருக்கு அது பார்வைத் தூரத்தின் இழப்பு.

1923 ஏப்ரல் 28: எல்லாம் தவறிய நாள்

முதல் ஆட்டமே எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி. போல்டன் வாண்டரர்ஸும் வெஸ்ட் ஹாம் யுனைடெட்டும் மோதின. அதற்கு முந்தைய மூன்று இறுதிப் போட்டிகள் செல்சி கிளப்பின் மைதானமான ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் நடந்தன. 1922இல் அங்கே வந்தவர்கள் சுமார் 53,000 பேர்தான். புதிய அரங்கமோ 1,25,000 பேருக்கு மேல் கொள்ளும். நிரம்பாது என்றே நினைத்தார்கள். உட்காரும் இடங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சீட்டு விற்றார்கள். நின்று பார்ப்பவர்கள் வாசலில் காசு கொடுத்து உள்ளே போகலாம் என்று விட்டார்கள்.

தப்பு அங்கேதான். கூட்டத்தை உள்ளே விடும் கணக்கு எளிது. இன்றைய பிரிட்டன் வழிகாட்டி விதிப்படி ஒரு சுழல்கதவு வழியாக மணிக்கு 660 பேருக்கு மேல் போக முடியாது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு லட்சம் பேர் ஒரு மணி நேரத்தில் நுழைய 150க்கும் மேற்பட்ட கதவுகள் வேண்டும். அதுவும் சீட்டைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு. காசு வாங்கிச் சில்லறை கொடுத்தால் வேகம் இன்னும் குறையும். வருகிறவர்கள் எத்தனை பேர் என்று முன்பே தெரியாவிட்டால் எந்தக் கதவும் போதாது. அன்று லண்டன் அணி ஆடுகிறது, புது அரங்கம், மன்னர் வருகிறார், வாசலிலேயே ரயில். எல்லாம் சேர்ந்து ஊரே திரண்டது.

பிற்பகல் 1:45 மணிக்குக் கதவுகளை அடைத்தார்கள். வெளியே நின்றவர்கள் சுவரேறிக் குதித்தார்கள். உள்ளே படிகளில் இடம் இல்லாதவர்கள் முன்னே தள்ளப்பட்டுத் தடுப்பைத் தாண்டிப் புல்தரையில் இறங்கினார்கள். அதிகாரபூர்வக் கணக்கு 1,26,047. உண்மையில் இரண்டு லட்சத்தையும் தாண்டியிருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு, மூன்று லட்சம் என்று சொல்பவர்களும் உண்டு.

புல் தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. குதிரைப்படைக் காவலர்கள் மெல்ல மெல்லக் கூட்டத்தை எல்லைக் கோடுவரை நகர்த்தினார்கள். அவர்களில் ஜார்ஜ் ஸ்கோரி என்ற காவலர் ஏறியிருந்த குதிரையின் பெயர் பில்லி. சாம்பல் நிறக் குதிரை அது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பளிச்சென்ற வெள்ளையாக விழுந்தது. அதனால் அந்த ஆட்டத்துக்கே 'வெள்ளைக் குதிரை இறுதிப் போட்டி' என்று பெயர் நிலைத்தது. இன்று அரங்கத்தின் அருகே ரயில் பாதைக்கு மேலே இருக்கும் நடைபாலத்துக்கும் அந்தக் குதிரையின் பெயர்தான்.

மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம் ஏறக்குறைய 45 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. எல்லைக் கோடுதான் கூட்டத்தின் விளிம்பு. பந்து வெளியே போனால் மனிதச் சுவரில்தான் படும். இரண்டாவது நிமிடத்தில் போல்டனின் டேவிட் ஜாக் கோல் அடித்தபோது, பந்தை உள்ளே எறிந்துவிட்டுத் திரும்ப வேண்டிய வெஸ்ட் ஹாம் வீரர் ஜாக் ட்ரெஸடர்ன் கூட்டத்துக்குள் சிக்கிக்கொண்டிருந்தார். இடைவேளையில் உடைமாற்றும் அறைக்குப் போக வழியில்லை. இரு அணிகளும் சில நிமிடம் தரையிலேயே நின்றுவிட்டு மறுபாதியை ஆடின. போல்டனின் இரண்டாவது கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது என்றது வெஸ்ட் ஹாம். வலையை ஒட்டி நின்ற ரசிகர் மேல் பட்டுத்தான் திரும்பியது என்றார் நடுவர். முடிவு 2-0.

சுமார் 900 பேருக்குச் சிறு காயங்கள். யாரும் இறக்கவில்லை. அது திட்டமிட்டதால் கிடைத்த பலன் என்று யாரும் சொல்ல முடியாது. புல்தரைக்கும் படிகளுக்கும் நடுவே உயரமான கம்பி வேலி அன்று இல்லை. நெருக்கப்பட்ட கூட்டத்துக்கு முன்னால் திறந்த வெளி இருந்தது, அங்கே வழிந்து ஓடியது. வேலி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை 66 ஆண்டு கழித்து வேறொரு மைதானம் காட்டியது. அதைப் பிறகு பார்ப்போம். அடுத்த ஆண்டிலிருந்து கோப்பை இறுதிப் போட்டிக்கு எல்லாச் சீட்டும் முன்கூட்டியே விற்கப்பட்டது.

எல்வினும் நாய்களும்

கண்காட்சி 1925இல் நஷ்டத்தோடு முடிந்தது. ஆண்டுக்கு ஒரு கோப்பைப் போட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒரு ஸ்காட்லாந்து ஆட்டம். இதை வைத்து 7,50,000 பவுண்டு கட்டிடத்தை யார் நடத்துவது? இடித்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது.

அப்போது வந்தவர் ஆர்தர் எல்வின். முதல் உலகப் போரில் பணியாற்றியவர், பிறகு கண்காட்சியில் புகையிலைக் கடை நடத்தியவர். கண்காட்சி முடிந்ததும் கைவிடப்பட்ட மண்டபங்களை வாங்கி, இடித்து, இடிபொருளை விற்றுக் காசு பார்த்தார். 1927இல் அரங்கத்தையே வாங்கினார். கட்டிய செலவில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விலைக்கு. இடிப்பவர் கையில் போன கட்டிடம் பிழைத்தது என்றால் அதற்குக் காரணம் கிரேஹவுண்ட் நாய்ப் பந்தயம்.

அந்தப் பந்தயம் பிரிட்டனில் அப்போதுதான் புதிதாகப் பரவிக்கொண்டிருந்தது. ஒரு பொம்மை முயல் தண்டவாளத்தில் ஓடும், ஆறு நாய்கள் துரத்தும், மக்கள் பணம் கட்டுவார்கள். பந்தயத்துக்குத் தேவை முட்டை வடிவத் தடம். வெம்பிளியில் அது தயாராக இருந்தது. 1927 டிசம்பரில் நடந்த முதல் பந்தயத்துக்கே 50,000 பேர் வந்தார்கள். 1929இல் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயமும் சேர்ந்தது. அதற்கும் முட்டை வடிவம்தான் வேண்டும். வாரம்தோறும் வரும் வருமானம் கட்டிடத்தைப் பராமரித்தது, ஆண்டுக்கு ஒரு நாள் கால்பந்து அதில் விருந்தாளியாக வந்து போனது. கால்பந்துக்குக் குறையாக இருந்த அதே வெற்றிடம்தான் நாய்களுக்கு இடம் கொடுத்து அரங்கத்தைக் காப்பாற்றியது. கால்பந்து எழுத்தாளர்கள் இதற்கு உரிய இடம் தருவதில்லை. வெம்பிளியின் வரலாற்றில் நாய்ப் பந்தயத்துக்குக் கோப்பைப் போட்டிக்கு நிகரான பங்கு உண்டு.

அதன் பலம் எவ்வளவு என்பதற்கு 1966 உலகக் கோப்பையே சாட்சி. இங்கிலாந்து இருந்த பிரிவின் ஆட்டங்கள் எல்லாம் வெம்பிளிக்குத்தான் ஒதுக்கப்பட்டன. ஆனால் ஜூலை 15 வெள்ளிக்கிழமை, வழக்கமான நாய்ப் பந்தய நாள். நிர்வாகம் அதை விட்டுக்கொடுக்கவில்லை. உருகுவே, பிரான்ஸ் அணிகள் மோதிய ஆட்டம் ஒயிட் சிட்டி மைதானத்துக்கு மாற்றப்பட்டது. உலகக் கோப்பையே ஆனாலும் வாடகைதாரர் வாடகைதாரர்தான். இரண்டு வாரம் கழித்து, ஜூலை 30 அன்று, 96,924 பேர் முன்னிலையில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியை 4-2 என்று வென்றது. கடைசி நாய்ப் பந்தயம் 1998 டிசம்பரில் நடந்தது.

1948: இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரு பக்கம்

போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் லண்டன் ஒலிம்பிக்ஸ் நடத்தியபோது புதிதாக எந்த அரங்கமும் கட்டவில்லை. வெம்பிளியின் நாய்த் தடத்தை எடுத்துவிட்டு, சாம்பல் கரி கலந்த ஓடுதளம் போட்டார்கள். மீண்டும் அந்த முட்டை வடிவம் கைகொடுத்தது.

அந்த ஓடுதளத்தில்தான் 1948 ஜூலை 31 அன்று டங்கன் ஒயிட் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 51.8 விநாடியில் வந்து வெள்ளி வென்றார். சுதந்திரம் பெற்று ஆறு மாதம்கூட ஆகாத இலங்கைக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம். அடுத்த பதக்கத்துக்கு 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 12 அன்று அதே புல்தரையில் ஹாக்கி இறுதிப் போட்டி நடந்தது. கிஷன் லால் தலைமையிலான இந்திய அணி பிரிட்டனை 4-0 என்று தோற்கடித்தது. பல்பீர் சிங் இரண்டு கோல் அடித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் தங்கம் அது, அதுவும் ஓராண்டுக்கு முன்புவரை ஆண்ட நாட்டின் தலைநகரில், பேரரசின் பெயரைத் தாங்கிய அரங்கத்தில். நம் ஊர்களில் பழைய வெம்பிளியை நினைவுகூர வேறு எதையும் தேட வேண்டியதில்லை.

புல்தரை: பார்க்க அழகு, ஆடக் கடினம்

வெம்பிளிப் புல் புகழ்பெற்றது. அடர்த்தியாக, மெத்தை போல இருக்கும். காரணம், அதில் அதிகம் ஆடுவதில்லை. கிளப் மைதானங்கள் குளிர்காலம் முழுக்க மிதிபட்டு இறுகிச் சேறாகிவிடும். அந்தச் சேற்றுத் தரையில் எட்டு மாதம் ஆடிப் பழகிய கால்கள் திடீரென்று இந்த மெத்தையில் இறங்கும். ஆணி வைத்த பூட்ஸ் புல்லில் புதையும், உடல் திரும்பும், கால் திரும்பாது. முழங்கால் போய்விடும். 1952இல் ஆர்சனலின் வாலி பார்ன்ஸ், 1955இல் மான்செஸ்டர் சிட்டியின் ஜிம்மி மெடோஸ் இருவரும் இப்படி முழங்கால் காயத்தோடு வெளியேறினார்கள். அன்று மாற்று வீரர் கிடையாது. மிச்ச ஆட்டத்தைப் பத்து பேர்தான் ஆட வேண்டும். கோடை வெயிலும் சேர்ந்தால் கூடுதல் நேரத்தில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு வீரர்கள் விழுவது வழக்கமான காட்சி.

அந்தப் புல்லையும் கெடுத்த காலம் ஒன்று உண்டு. 1960களின் கடைசியில் தரையில் குதிரைத் தாண்டல் போட்டிகளை விட்டார்கள். குளம்பு மண்ணை அழுத்தினால் உள்ளே காற்றுத் துளைகள் அடைபடும், நீர் வடியாது, வேர் அழுகும். 1970 கோப்பை இறுதிப் போட்டிக்குத் தரை மணல் கொட்டிய களிமண்ணாகிவிட்டது. அன்று நடந்த ஒரு கோலைப் பார்த்தாலே புரியும். லீட்ஸின் ஜாக் சார்ல்டன் தலையால் முட்டிய பந்து மெதுவாகக் கோலை நோக்கிப் போகிறது. கோல் கோட்டில் நின்ற செல்சி தடுப்பாட்டக்காரர்கள் பந்து எகிறும் என்று காலை உயர்த்துகிறார்கள். பந்து எகிறவே இல்லை. செத்த மண்ணில் தட்டி, காலுக்குக் கீழே உருண்டு உள்ளே போகிறது. 2-2 என்று முடிந்து, மறு ஆட்டத்தை மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானத்தில் வைத்தார்கள். வெம்பிளி கட்டிய பிறகு கோப்பை வேறிடத்தில் முடிவானது அதுவே முதல் முறை.

நின்று பார்த்தவர்கள் உட்கார்ந்தபோது

1953 நவம்பர் 25 அன்று ஹங்கேரி 6-3 என்று இங்கிலாந்தைச் சாய்த்ததைப் பார்த்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1963இல் கூரையைச் சுற்றிலும் நீட்டி எல்லாப் பார்வையாளர்களையும் மழையிலிருந்து காத்தார்கள். அப்போதும் பெரும்பாலோர் நின்றுதான் பார்த்தார்கள்.

1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கம்பி வேலியிட்ட கூண்டுகளுக்குள் கூட்டம் நசுங்கியது. மாண்டவர்கள் 97 பேர். 1923இல் வெம்பிளியில் வழிந்தோட இருந்த திறந்தவெளி இங்கே அவர்களுக்கு இல்லை. பழி முதலில் ரசிகர்கள் மேல் போடப்பட்டது. 2016இல் நடந்த மரண விசாரணை அதை முற்றிலும் மறுத்து, காவல்துறையின் தவறுகளைச் சுட்டியது. அந்த விபத்தை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990 அறிக்கை பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது. வெம்பிளியும் மாறியது.

நின்றால் எத்தனை, உட்கார்ந்தால் எத்தனை என்று கணக்குப் போடுவோம். பாதுகாப்பான அளவில் 10 சதுர மீட்டரில் 47 பேர் நிற்கலாம். ஒரு இருக்கைக்குக் குறைந்தபட்சம் 46 செ.மீ. அகலமும் 70 செ.மீ. ஆழமும் வேண்டும். அதே 10 சதுர மீட்டரில் 31 இருக்கைதான் வரும், நடைவழிக்கு இடம் விட்டால் இன்னும் குறையும். ஒரு லட்சம் கொண்ட வெம்பிளி 80,000 அளவுக்குச் சுருங்கியது. இழந்ததில் கொஞ்சத்தை மீட்கக் கூரைக்கு அடியில் 'ஒலிம்பிக் கேலரி' என்று புதிதாக ஒரு மாடத்தைத் தொங்கவிட்டார்கள்.

இருக்கை போட்டதும் பழைய படிகளின் குறை அம்பலமானது. தேர்த் திருவிழாவில் முன்னால் நிற்பவர் தலை மறைத்தால் எட்டிப் பார்ப்போம், ஒதுங்கிப் பார்ப்போம். இருக்கையில் அது முடியாது. அதனால் வடிவமைப்பாளர்கள் ஒரு அளவைப் பார்ப்பார்கள். உங்கள் பார்வைக் கோடு முன்னால் இருப்பவரின் கண் மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலே போகிறது என்பது. 90 மி.மீ. நல்லது. 60க்குக் கீழே போனால் தொல்லை. ஒரு எடுத்துக்காட்டு: முன்வரிசைக்காரர் எல்லைக் கோட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளி, கண் 6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வரிசை ஆழம் 76 செ.மீ. அடுத்த படி 25 செ.மீ. உயர்ந்தால் இடைவெளி 96 மி.மீ. கிடைக்கும். 20 செ.மீ. மட்டும் உயர்ந்தால் 47 மி.மீ.தான். ஐந்து சென்டிமீட்டர் கான்கிரீட்டில் பார்வை பாதியாகிறது. பழைய வெம்பிளியின் படிகள் தாழ்ந்த சரிவு கொண்டவை. வார்த்துவிட்ட கான்கிரீட்டின் சரிவைப் பிறகு கூட்ட வழியில்லை, இடித்துத்தான் ஆக வேண்டும். இதோடு கூரையைத் தாங்கிய தூண்கள் குறுக்கே நின்று மறைத்தன. தடம் விட்ட தூரம் அப்படியே இருந்தது. நாய்கள் போன பின்னும் அவற்றின் இடம் மட்டும் நடுவில் கிடந்தது.

கடைசி ஆட்டமும் இடிப்பும்

2000 அக்டோபர் 7, மழை நாள். ஜெர்மனியின் டீட்மார் ஹாமன் தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் உள்ளே போனது. பழைய வெம்பிளியின் கடைசி கோல் அதுதான். 0-1 என்று இங்கிலாந்து தோற்றதும் அதன் பயிற்சியாளர் கெவின் கீகன் பதவி விலகினார். பணமும் ஒப்பந்தமும் முடிவாகாமல் கட்டிடம் இரண்டு ஆண்டு பூட்டிக் கிடந்தது. லாட்டரி நிதியிலிருந்து 12 கோடி பவுண்டு கிடைத்திருந்தும், புதிய அரங்கத்தில் ஓடுதளம் வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை நீண்டது. 1923இன் கேள்வியே திரும்பி வந்தது. இந்த முறை கால்பந்து வென்றது. நிரந்தரத் தடம் கிடையாது, வேண்டுமானால் தற்காலிக மேடை எழுப்பிக்கொள்ளலாம் என்ற ஏற்பாட்டோடு படிகள் புல்தரையை ஒட்டிச் செங்குத்தாக எழுந்தன. 315 மீட்டர் நீளும் எஃகு வளைவு கூரையின் பாரத்தைத் தூக்கிக்கொண்டதால் பார்வையை மறைக்கும் தூண்கள் போயின. 90,000 இருக்கைகள். ஆனால் செங்குத்தான படிகள் வெயிலையும் காற்றையும் மறைத்ததால் புதிய புல் அடிக்கடி பெயர்ந்தது. முதல் மூன்று ஆண்டுகளில் பத்து முறைக்கு மேல் மாற்றிப் போட்டு, 2010இல் செயற்கை இழை கலந்த தரைக்கு மாறினார்கள்.

இரட்டைக் கோபுரங்களைக் காப்பாற்றச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. அவை பாதுகாக்கப்பட்ட கட்டிடப் பட்டியலில் இருந்தவை. ஆனால் புதிய அரங்கம் பெரிது, கோபுரங்கள் அதன் பரப்புக்குள் வந்துவிட்டன. கல்லோ செங்கலோ என்றால் எண் போட்டுக் கழற்றி வேறிடத்தில் அடுக்கலாம். கம்பியோடு ஒரே வார்ப்பாக இறுகிய கான்கிரீட்டைக் கழற்ற முடியாது, வெட்டினால் உடையும். 2003 பிப்ரவரியில் அவற்றைத் தகர்த்தார்கள். ஒரு கோபுரத்தின் உச்சிக் கிரீடம் மட்டும் பக்கத்தில் நீஸ்டன் பகுதியில் ஒரு பூங்காவில் வைக்கப்பட்டது.

இடிபாடுகளில் ஒரு பகுதி மேற்கே நார்த்தோல்ட்டுக்குப் போனது. அங்கே ஏ40 நெடுஞ்சாலை ஓரத்தில் நார்த்தாலா ஃபீல்ட்ஸ் என்ற பூங்காவில் நான்கு குன்றுகளை எழுப்பினார்கள். வேறு கட்டுமான இடங்களின் இடிபாடுகளும் அதில் உண்டு. மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார்கள். உயரமான குன்றில் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை இருக்கிறது. வானம் தெளிவாக இருக்கும் நாளில் உச்சியில் நின்று வடகிழக்கே பார்த்தால் புதிய வெம்பிளியின் வளைவு தெரியும். பழைய வெம்பிளியின் படிகள் காலடியில் இருக்கும்.